கணக்கிலே ஒரு பாட்டி: குடிசன மதிப்பு ஏடுகளில் நம் முன்னோரைத் தேடிய கதை

(ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் வாசிகசாலையில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



நாங்கள் மூன்று பேர் உங்கள் முன்னால் நிற்கிறோம். ஒரே வீட்டுப் பிள்ளைகள். உங்களைப் போலவே லயத்துக் காம்பராவில் பிறந்து, புள்ளைக் காம்பராவில் வளர்ந்தவர்கள். நாங்கள் பேராசிரியர்கள் அல்ல, வரலாறு எழுதுகிறவர்களும் அல்ல. எங்கள் அப்பாயியின் வாழ்க்கையைப் பழைய கடதாசிகளில் தேடப் போய், கற்றுக்கொண்டதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

தேட வேண்டிய தேவை எப்படி வந்தது? ஆசையால் அல்ல, அவதியால் வந்தது. எங்கள் அப்பா 2009ஆம் ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு எழுதிப் போட்டோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழே இல்லை. ‘இந்த ஆளும் அந்த ஆளும் ஒருவர்தான் என்று நிரூபித்துக் கொண்டு வாருங்கள்’ என்றார்கள். நாற்பத்தைந்து வருசம் ஒரே மலையில் வேலை செய்த மனுசன், தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை புதிதல்ல என்று எங்களுக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள், சரி.

அப்பாவின் கடதாசியைத் தேடினால் அது அப்பாயியிடம் போய் நின்றது. அப்பாயியைத் தேடினால் பூட்டன் வரைக்கும் போனது. அப்பாயி 1997இல் காலமாகிவிட்டார். அவருடைய தகரப் பெட்டி மட்டும் இருந்தது. திறந்து பார்த்தோம். ஒரு பழைய சேலை, ஒரு கடிதக்கட்டு, அடியிலே ஒரு துருப்பிடித்த தகரத் துண்டு. அதில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும். அந்தத் தகரத்திலிருந்து எங்கள் கதை தொடங்குகிறது.

அது என்ன தகரம்? வயதானவர்களுக்குத் தெரியும். தகர டிக்கட். 1900களின் தொடக்கத்தில் வந்த முறை. கண்டிச் சீமைக்கு வருகிற ஆளின் கழுத்திலே கட்டி விடுவார்கள். எழுத்து எந்த மாவட்டம் என்று சொல்லும். ஓர் எண் எந்தத் தோட்டம் என்று சொல்லும். இன்னோர் எண் அந்த ஆளின் வரிசை. பெயர் கிடையாது! ரயில் கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அந்தத் தோட்டத்துப் பேரில் எழுதப்பட்டு, பிறகு ஆளின் கடனாக ஏறும். எங்கள் பூட்டனார் இந்தத் தகரத்தோடு வந்தவர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரண்டு பக்கமும் ரயிலும் இணைந்தது 1914இல். அந்த வழி திறந்த பிறகு, மண்டபம் முகாமில் தங்க வைத்து, மருந்தடித்து, ஊசி போட்டு அனுப்பினார்கள் என்று அப்பாயி சொல்லுவார். அவருக்கு முந்தின தலைமுறைக்கு அந்த வசதியும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடை. காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

இனி குடிசன மதிப்புக்கு வருவோம். இலங்கையில் நாடு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி எடுக்கப்பட்டது. அப்போது நாட்டின் மொத்தச் சனம் ஏறத்தாழ 24 இலட்சம். இங்கே தேயிலை இல்லை, கோப்பிதான். லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை வைத்திருந்தாலும், மலை முழுக்கக் கோப்பியே நின்றது. 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்து, பிறகு கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அதன் பின் பத்து வருசத்துக்கு ஒரு முறை கணக்கு: 1881, 1891, 1901, 1911, 1921, 1931.

இதிலே 1901ஆம் ஆண்டுக் கணக்கை நடத்தியவர் யார் தெரியுமா? பொன்னம்பலம் அருணாசலம். பதிவாளர் நாயகமாக இருந்த தமிழர். நம் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஒழுங்குபடுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. உத்தியோகத்தை விட்ட பிறகு, 1919இல் பெரி. சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கம் அமைத்தார். வேலையை விட்டுப் போன தொழிலாளியை மறியலில் போடும் சட்டம் அப்போது இருந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று போராடினார். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. துண்டு என்றால் தெரியுமல்லவா? ஆளின் கடனை எழுதி, தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றுகிற கடதாசி. ஆளைக் கணக்கில் எடுத்தவரே ஆளுக்காகப் பேசவும் வந்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1911ஆம் ஆண்டுக் கணக்கில்தான் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று தமிழரை இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். அந்த வருசம் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் 5 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 1921இல் 6 இலட்சத்து 2 ஆயிரம். எங்கள் பூட்டனார் இந்த 6 இலட்சத்தில் ஓர் ஆள். பெயர் எங்கேயும் இல்லை, தலை மட்டும் எண்ணப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விசயம். குடிசன மதிப்பில் ‘என் தாத்தா பெயரைக் காட்டுங்கள்’ என்று கேட்க முடியுமா? முடியாது. அச்சிட்ட அறிக்கைகளில் பெயர் இராது. மாவட்டம், தோட்டம் சார்ந்த சனத்தொகை, ஆண், பெண், வயது, பிறந்த இடம், எழுத வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை என்றுதான் இருக்கும். வீடு வீடாக எழுதிய தாள்கள் இரகசியம் என்பது சட்டம். அது நம் நன்மைக்கான சட்டம்தான். நாம் சொன்ன பதிலை வைத்து வரிக்காரரோ பொலிசோ நம் வாசலுக்கு வரக்கூடாது என்பதற்காக.

அப்படியென்றால் குடிசன மதிப்பால் என்ன பிரயோசனம்? நாங்களும் இதைத்தான் முதலில் கேட்டோம். அதற்கு விடை இதுதான்: குடிசன மதிப்பு ஒரு மைல்கல் மாதிரி. பாதையில் மைல்கல் நட்டிருந்தால், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிகிறது அல்லவா? ஒவ்வொரு கணக்கு இரவிலும் ‘அன்றைக்கு நம்ம பாட்டி எங்கே இருந்தார், என்ன வயசு, கூட யார் யார்?’ என்று கேட்டு, விடையை மற்றக் கடதாசிகளில் தேட வேண்டும். பெயர் செக்ரோலில் இருக்கும், பிறப்பு இறப்புப் பதிவில் இருக்கும், பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் இருக்கும், கோயில் வரவு செலவுக் கொப்பியில் இருக்கும். கணக்கு அறிக்கை காலத்தைச் சொல்லும். ஏடு ஆளைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் ஒரு வாழ்க்கை தெரியும்.

முதலில் அப்பாயியின் பிறந்த வருசம் வேண்டும். அவருக்கே தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை அடிக்கடி சொல்லுவார்: “காந்தி வந்தப்ப நான் கைப்புள்ள. எங்கப்பாரு தோள்ல தூக்கிட்டுப் போயி காட்டுனாராம். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, காட்டுனது மட்டும் நெசம்.” காந்தியடிகள் இலங்கைக்கு வந்தது 1927 நவம்பரில். மலைநாட்டுக்கும் வந்தார். ஆகவே அப்பாயி பிறந்தது 1926 கடைசி அல்லது 1927. பாருங்கள், பிறந்த தேதி தெரியாத கிழவி, தேதி சொல்லிவிட்டார்! உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான் சொல்லுவார்கள். ‘முல்லோயாவில கோவிந்தனைச் சுட்ட வருசம்’ என்றால் 1940. ‘எலிசபெத் ராணி வந்த வருசம்’ என்றால் 1954. ‘பஞ்சத்துல கோதுமை மாவுக்கு வரிசையில நின்ன காலம்’ என்றால் 1973, 1974. சிரித்துவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள்.

இதற்கு மாறாக ‘எனக்கு அறுவது வயசு’ என்று சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள். வயசு தெரியாதவர்கள் முப்பது, நாற்பது, அறுபது என்று முழு எண்ணாகத்தான் சொல்லுவார்கள். பழைய கணக்கு அறிக்கைகளில் இந்த வயசுகளில் சனம் குவிந்து கிடப்பதும், முப்பத்தொன்று, நாற்பத்தொன்றில் ஆளே குறைந்து போவதும் உலகம் முழுக்கக் காணப்படுகிற ஒன்றுதான்.

வருசம் கையில் கிடைத்ததும், பிறப்புப் பதிவைத் தேடினோம். தோட்டத்தில் நடக்கிற பிறப்பையும் இறப்பையும் தோட்டத்துரை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நம் ஆட்களின் பதிவு பலருக்கு உண்டு, நாம்தான் எடுத்துப் பார்க்கவில்லை. பதிவு இருந்தது. ஆனால் பெயர் வேறு மாதிரி. கிளாக்கர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பிறகு இன்னொருவர் சிங்களத்துக்கு மாற்றி, மூன்றாமவர் தமிழுக்குக் கொண்டு வந்தால் என்னவாகும்? மீனாட்சி மினாச்சி ஆவார், பழனியாண்டி பலனான்டி ஆவார். எங்கள் அப்பாயிக்கும் அதுவே. தகப்பன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் வைத்துத்தான் ‘இது நம்ம கிழவிதான்’ என்று பிடித்தோம்.

இனி அப்பாயியின் ஆயுளில் வந்த கணக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். மொத்தம் ஆறு.

முதலாவது 1931. அப்பாயிக்கு நாலு வயசு. அந்த நேரம் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். தேயிலை விலை விழுந்துவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்று கணக்கையும் சுருக்கிவிட்டார்கள். இந்தியத் தமிழர் 8 இலட்சத்து 18 ஆயிரம் என்று அது சொல்கிறது. இந்த எண்ணை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அதே 1931இல் தான் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. நம் ஆட்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு.

1941இல் வர வேண்டிய கணக்கு யுத்தத்தால் வரவில்லை. 1946 மார்ச்சில் தான் எடுத்தார்கள். அப்போது அப்பாயிக்குப் பத்தொன்பது வயசு. கல்யாணம் முடிந்து தாத்தாவோடு புதுக் காம்பராவில். இந்தியத் தமிழர் தொகை 7 இலட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்திருந்தது. காரணம், மந்த காலத்தில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் வருவதைத் தடை செய்தது.

இங்கேதான் எங்கள் குடும்பத்தின் முடிச்சு விழுந்தது. கணக்கு எடுத்த அடுத்த மாதம், ஊரிலே தாயாருக்குச் சுகமில்லை என்று கடிதம் வந்து தாத்தா புறப்பட்டுப் போனார். தாயார் கண்மூடி, காரியம் முடித்து, காணி வழக்கு ஒன்றில் மாட்டி, திரும்பி வர பதினாலு மாதம். தாத்தா போனதும் வந்ததும் எங்களுக்கு எப்படித் தெரியும்? செக்ரோல். 1946 ஏப்ரல் முதல் அடுத்த வருசம் மே வரைக்கும் அவர் பேருக்கு நேரே கோடு. 1947 ஜூனில் மறுபடி முழுப் பேர். பிரட்டுக்களத்தில் துரை போட்ட அந்தக் கோடு பிறகு எங்கள் தலையெழுத்தாகிப் போனது.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். அதை எழுத்திலே காட்டவும் வேண்டும். அப்பாயி பிறந்தது இந்த மலையில். அவருடைய தகப்பனோ தகர டிக்கட்டோடு வந்தவர். முடிந்தது கதை. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த தேர்தலில் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை.

1949இல் இன்னொரு சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு வருசமும், ஆகாதவர் பத்து வருசமும் இங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பம் போடும் வரை தொடர்ச்சி அறக்கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் அது அறுந்ததாகக் கணக்கு. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகப் போடப்பட்டன. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். எங்கள் தாத்தாவுக்குப் பன்னிரண்டு மாதம் போதவில்லை, பதினாலு ஆகிவிட்டது. தாய்க்குக் கொள்ளி வைக்கப் போன இரண்டு மாதம் அதிகமாகிவிட்டது. மனு தள்ளுபடி.

யோசித்துப் பாருங்கள். 1946 கணக்கு இரவிலே தாத்தா இங்கே இருந்தார், எண்ணப்பட்டார். 1953 கணக்கு இரவிலும் இருந்தார், எண்ணப்பட்டார். 9 இலட்சத்து 74 ஆயிரத்தில் அவரும் ஒருவர். ஆனால் இந்த நாட்டு ஆள் அல்ல என்று சொல்லியாகிவிட்டது. எண்ணிக்கையில் இருக்கிறார், உரிமையில் இல்லை.

நாலாவது கணக்கு 1963. 11 இலட்சத்து 23 ஆயிரம். அப்பாயிக்கு வயது முப்பத்தாறு, நாலு பிள்ளைகள். எங்கள் அப்பாவுக்குப் பதினாலு வயது. அடுத்த வருசம் அவர் பேரும் செக்ரோலில் ஏறியது. அதே 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுச் சந்தையில் கூட மாட்டைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள் என்று அப்பாயி சொல்லுவார்.

அஞ்சாவது கணக்கு 1971 ஒக்டோபரில். 11 இலட்சத்து 74 ஆயிரம். நம் தொகை அதிகமாக இருந்தது அப்போதுதான். அந்தக் கணக்கில் அப்பாயியின் தங்கை, தங்கை புருசன், மூன்று பிள்ளைகள் எங்கள் பக்கத்துக் காம்பராவில் எண்ணப்பட்டார்கள். அடுத்த வருசம் அவர்கள் போனார்கள். ஹட்டன் ஸ்டேசனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி. ரயில் நகர்ந்தபோது ஸ்டேசனே அழுததாம். “தங்கச்சி கையை விடல, ரயிலுதான் விட வச்சிருச்சு” என்று அப்பாயி சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். அவர்கள் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போனார்கள். பெட்டியில் இருந்த கடிதக்கட்டு அந்தத் தங்கை எழுதியது. எழுத்துத் தெரியாத அப்பாயி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டி வைத்திருக்கிறார்.

ஆறாவது கணக்கு 1981 மார்ச்சில். இந்தியத் தமிழர் எத்தனை? 8 இலட்சத்து 18 ஆயிரம். மனசில் வைக்கச் சொன்னோமே, 1931இல் இருந்த அதே 8 இலட்சத்து 18 ஆயிரம்! ஐம்பது வருசம் பிள்ளை பெற்று, வளர்த்து, மலையெல்லாம் பச்சையாக்கியும் கணக்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. பத்தே வருசத்தில் மூன்றரை இலட்சம் குறைவு. அதிலே எங்கள் வீட்டு ஆட்கள் அஞ்சு பேர். எல்லோரும் கப்பலேறியவர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. ‘இலங்கைத் தமிழர்’ என்று தம்மைப் பதிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அவசரப்பட்டு முடிவு சொல்லக்கூடாது என்பதற்கு இது பாடம்.

1981க்குப் பிறகு? 1983 கலவரத்தில் எத்தனையோ லயங்கள் எரிந்தன. ஆட்களோடு கடதாசியும் போனது. 1984இல் கப்பல் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கள் வீட்டாருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அதன் பிறகு வந்த தேர்தலில் அப்பாயி முதன்முதலாக வாக்குப் போட்டார். அறுபதைத் தாண்டிய வயசு. விரலிலே பூசிய மையை நாலு நாள் கழுவாமல் வைத்திருந்தார். 1991 கணக்கு யுத்தத்தால் நடக்கவில்லை. 2001இல் எடுத்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது. அதற்கு முன்னமே 1997இல் அப்பாயி கண்மூடிவிட்டார். பிரஜையாவதற்கு முன் ஆறு தடவை எண்ணப்பட்டவர், பிரஜையான பிறகு ஒரு தடவைகூட எண்ணப்படவில்லை. எங்கள் தேடலில் எங்களை உலுக்கிய விசயம் இதுதான்.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் பிரஜாவுரிமை தந்தது. நாடற்றவர் என்ற பேர் அதோடு போனது என்று சொல்லலாம். ஆனால் கடதாசிச் சிக்கல் போகவில்லை. எங்கள் அப்பாவின் பணம் எப்படிக் கிடைத்தது? செக்ரோல் பக்கத்தின் பிரதி, பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பின் பிரதி, அப்பாயியின் பிறப்புப் பதிவு, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசி எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தோம். மூன்று வருசத்துக்குப் பிறகு கிடைத்தது. அப்பா அந்தக் காசில் முதலில் செய்தது அப்பாயிக்கு ஒரு படையல்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று. இந்த வாரமே ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். வீட்டிலே இருக்கிற மூத்தவரிடம் உட்காருங்கள். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தோட்டம், பிரிவு, ஊரிலே எந்தக் கிராமம் என்று கேட்டு எழுதுங்கள். திருச்சியா, சேலமா, மதுரையா, தஞ்சாவூரா, புதுக்கோட்டையா? ஊர்ப் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் தெரிந்தால் அது பெரிய சொத்து. தேதி தெரியாவிட்டால் சம்பவத்தைக் கேளுங்கள்.

இரண்டு. பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு 1931, 1946, 1953, 1963, 1971, 1981, 2001, 2012, 2024 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘அன்றைக்கு நம்ம வீட்டில் யார் யார்?’ என்று நிரப்புங்கள். எங்கே காலியாக நிற்கிறதோ அங்கேதான் தேட வேண்டியது இருக்கிறது.

மூன்று. பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பெயர் பிழையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடுங்கள். தகப்பன் பெயரும் தோட்டமும்தான் திறவுகோல். பதிவே இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவு செய்யலாம், அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

நாலு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். பழைய சேர்வு இடாப்புகள் இருக்கிற பாடசாலைகள் உண்டு. அதிபரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். தோட்ட ஆபிஸிலும் கேளுங்கள். நாங்கள் போன தோட்டத்தில் பாதிச் செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது. மீதிப் பாதியையாவது காப்பாற்றுவோம்.

அஞ்சு. பிள்ளை பிறந்தால் பெயரை மூன்று மொழியிலும் நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். சேமலாப நிதி அட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு பார்த்தால் எங்கள் அப்பா கதைதான்.

ஆறு. குடிசன மதிப்புக்காரர் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, நேரமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பதில் சொல்ல விடாதீர்கள். 2012இல் நம் தொகை 8 இலட்சத்து 39 ஆயிரம். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ‘மலையகத் தமிழர்’ என்ற நம் சொல்லும் படிவத்தில் சேர்ந்தது. இருந்தும் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே அந்தப் பெயரில் பதிந்தார்கள். எப்படிப் பதிவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து செய்யுங்கள். வீடு, காணி, பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் ஆள் கணக்கைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகின்றன.

கடைசியாக ஒன்று. அந்தத் தகர டிக்கட்டை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். பூட்டனாரின் பெயர் அதிலே இல்லை. ஆகவே ஒரு வெள்ளைக் கடதாசியில் அவர் பெயரை எழுதி, அவர் ஊரை எழுதி, அந்தத் தகரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டோம். நூறு வருசம் கழித்துத்தான் எழுதினோம். நீங்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள்.